சுற்றுச்சூழல் அறிவியல்: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு பட்டப்படிப்பு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், கூலாய், கோத்தா திங்கி, சிகாமட் ஆகிய வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள், எண்ணெய் ஆலையின் பின்புறத்தில் வரிசையாக அமைந்துள்ள குளங்களைக் கண்டிருப்பார்கள். முதற் குளத்து நீர் கறுப்பாகவும் கொப்புளித்துக்கொண்டும் இருக்கும். அடுத்தடுத்த குளங்களில் அதன் நிறம் மாறிக்கொண்டே வரும். கடைசிக் குளத்திலிருந்து வெளியேறும் நீர் ஓர் ஓடையில் கலந்து ஆற்றைச் சென்றடையும். அந்தக் குளங்களை எதற்காக வெட்டினார்கள், ஒன்று போதாமல் பல குளங்கள் ஏன் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இக்கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதுவே சுற்றுச்சூழல் அறிவியல். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் காலங்களில் நம் பெற்றோர்கள் மருத்துவம், சட்டம், பொறியியல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் பேசுகிறார்கள். சுற்றுச்சூழல் அறிவியலின் பெயர் அப்பேச்சில் அரிதாகவே அடிபடுகிறது. அப்படிப்பில் கற்பிக்கப்படுபவை எவை, அதில் சேருவதற்குரிய வழி யாது, படித்து முடித்தபின் கிடைக்கும் வேலைகள் எவை, நம் பிள்ளைகளுக்கு அது எவ்வகையில் பொருந்தும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலைக் குளம் கற்பிக்கும் பாடம்

செம்பனைக் குலைகளை ஆவியில் வேகவைத்து எண்ணெய் பிழிந்தெடுத்தபின் பழுப்பு நிறமான கழிவுநீர் பெருமளவில் எஞ்சுகிறது. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் உண்டாகிறது. இந்நீரில் நஞ்சு ஏதும் சேர்க்கப்படுவதில்லை. அவ்வாறிருந்தும் அதை அப்படியே ஆற்றில் விட்டால் மீன்கள் செத்து மிதக்கின்றன. காரணம் என்ன?

கழிவுநீரில் கரைந்துள்ள எண்ணெய்ப் பசையும் நார்த் துகள்களும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அந்த உணவை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன. மீன்களுக்குச் சுவாசிக்கப் பிராணவாயு இல்லாமற் போகிறது. ஆகவே, கழிவுநீரின் கேட்டினை அது எவ்வளவு பிராணவாயுவை விழுங்கும் என்ற கணக்கினால் அளக்கிறார்கள். இதற்கு உயிர்வேதியல் பிராணவாயுத் தேவை என்று பெயர். நீரின் ஒரு பகுதியைப் புட்டியில் அடைத்து, 30 பாகை வெப்பத்தில் மூன்று நாட்கள் வைத்திருந்து, தொடக்கத்திலும் முடிவிலும் பிராணவாயுவை அளந்து இக்கணக்கைப் பெறுவது நம் நாட்டு முறையாகும்.

ஆலையிலிருந்து நேரே வரும் கழிவுநீரில் இந்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். தூய ஆற்று நீரிலோ, நம் நாட்டு வெப்பநிலையில், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவு பிராணவாயுவே கரைந்திருக்கும். இவ்விரண்டையும் வகுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு லிட்டர் கழிவுநீர் மூவாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட ஆற்று நீரின் பிராணவாயுவைத் தீர்த்துவிட வல்லது.

1974-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறியது. 1975-இல் சுற்றுச்சூழலுக்கென ஒரு பிரிவு அரசாங்கத்தில் அமைந்து, பின்னாளில் சுற்றுச்சூழல் இலாகாவாக வளர்ந்தது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனி விதிகள் பிறந்தன. ஆலைகளை ஒரே நாளில் திருத்திவிட முடியாது என்பதை உணர்ந்து, வெளியேறும் நீரின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 1984-இல் 100 மில்லிகிராம் ஆயிற்று. ஆலைகளின் பின்புறம் குளங்கள் பெருகியது இவ்விதிகளை நிறைவேற்றும் பொருட்டே ஆகும். முதற் குளங்களில் பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பின்னுள்ள குளங்களில் பிராணவாயுவை நாடும் நுண்ணுயிர்கள் எஞ்சிய வேலையை முடிக்கின்றன. ஒரு குளத்து வேலையை மற்றொரு குளம் செய்ய இயலாது. குளங்கள் பலவாக இருப்பதன் காரணம் இதுவே.

முதற் குளங்களில் எழும் கொப்புளங்கள் மீத்தேன் வாயுவினால் உண்டாகின்றன. உலக வெப்பத்தை உயர்த்துவதில் இவ்வாயு, நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் இருபது மடங்கிற்கும் மேல் வலிமை உடையது. அதனைக் கூரையிட்டுப் பிடித்து மின்சாரம் ஆக்கும் ஆலைகள் இப்போது நாட்டில் பல உள்ளன. நாற்றம் அடிக்கும் ஒரு குளத்தில் வேதியலும் உயிரியலும் சட்டமும் பொருளாதாரமும் ஒன்றுகூடி நிற்பதை இதனால் அறியலாம். சுற்றுச்சூழல் அறிவியல் என்பது இத்துறைகளை ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் படிப்பாகும்.

குளுவாங் தோட்டங்களுக்கு வந்த கூன்வண்டு

இயற்கையை உற்றுநோக்கும் கல்வி தோட்ட வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதற்கு ஜொகூரிலேயே ஒரு சான்று உண்டு. 1980-ஆம் ஆண்டு வரை நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் மகரந்தத்தை ஆட்களே கையால் தூவி வந்தார்கள். ஆண் பூங்கொத்திலிருந்து தூளைச் சேகரித்து, முகமாவுடன் கலந்து, பெண் பூங்கொத்தின் மீது ஊதும் அவ்வேலையைச் செய்த தாய்மார்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். செம்பனையில் மகரந்தம் காற்றினால் பரவுகிறது என்றே அந்நாளில் பலரும் நம்பியிருந்தார்கள்.

பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையத், செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டில், அம்மரத்தைக் கவனித்து ஆராய்ந்தார். அங்கே பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சுமந்து செல்வது மிகச் சிறிய ஒரு கூன்வண்டு என்பதை அவர் கண்டறிந்தார். அவ்வண்டு ஆண் பூங்கொத்திலேயே முட்டையிட்டுப் பெருகுவது. வேறு பயிர்களை அது தாக்காது என்பதைச் சோதனைகளால் உறுதி செய்துகொண்ட பின்னரே, 1981-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குளுவாங் வட்டாரத்தின் மாமோர், பாமோல் தோட்டங்களில் அது முதன்முதலாக விடப்பட்டது. குறுகிய காலத்திலேயே வண்டு பரவியது. குலைகளில் காய்ப்பு மிகுந்தது. கையால் மகரந்தம் தூவும் வேலை தேவையற்றுப் போயிற்று.

இவ்வரலாற்றில் இரு படிப்பினைகள் உள்ளன. அயல்நாட்டு உயிர் ஒன்றைக் கொண்டு வருமுன் அதனால் விளையக்கூடிய தீங்கை ஆராய்ந்து தீர வேண்டும் என்பது ஒன்று. ஓர் அறிவியல் முடிவு தோட்டத்தின் விளைச்சலை உயர்த்தும் அதே வேளையில் தொழிலாளரின் வேலையையும் மாற்றிவிடும் என்பது மற்றொன்று. இத்தகைய மாற்றங்களைப் பிறர் ஆராய்ந்து நமக்கு அறிவிப்பதைக் காட்டிலும், ஆராயும் இடத்தில் நம் பிள்ளைகளும் அமர்ந்திருப்பது நலமன்றோ?

2019-ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை

2019-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் ஜொகூரின் பாசீர் கூடாங் வட்டாரத்தில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது தெரிய வந்தது. அதிலிருந்து எழுந்த நச்சு ஆவி அருகிலிருந்த பள்ளிகளுக்குள் புகுந்தது. மாணவர்களுக்கு மூச்சுத் திணறலும் வாந்தியும் ஏற்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற நேர்ந்தது. மார்ச் 13-ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன.

அந்நாட்களில் முதலில் எழுந்த கேள்வி, காற்றில் கலந்திருப்பது எந்த வாயு என்பதாகும். அதை அறியாமல் மருத்துவர் தக்க சிகிச்சை அளித்தல் அரிது. ஆற்றிலிருந்து கழிவை அகற்றுவோருக்கும் எந்தப் பாதுகாப்பு உடை வேண்டும் என்பது தெரியாது. காற்றின் திசை, ஆற்றின் ஓட்டம், கழிவின் வேதிக் கூறு, சட்டத்தின் பிடி ஆகிய அனைத்தையும் ஒருசேர அறிந்தவர்கள் அங்கே தேவைப்பட்டார்கள். இத்தகைய நிகழ்ச்சிகள் நம் சட்டத்தையும் கடுமையாக்கின. 2024-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் விதிக்கப்படும் அபராதத்தின் உச்ச வரம்பு ஒரு கோடி ரிங்கிட் ஆகும்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஜொகூர் ஆற்று நீரில் அம்மோனியா மிகுந்ததால் நீர் சுத்திகரிப்பு நிலையங்களின் இயக்கம் நிறுத்தப்பட்டு, வீடுகளில் குழாய் நீர் தடைப்பட்டது. அம்மோனியா, நீரைத் தூய்மையாக்கச் சேர்க்கப்படும் குளோரினோடு கூடி அதன் வலிமையைக் குறைத்துவிடும். அம்மோனியா ஆலைக் கழிவிலிருந்தும் வரும். கால்நடைப் பண்ணையிலிருந்தும் வரும். குப்பைக் கிடங்கிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும். எங்கிருந்து வந்தது என்பதை ஆற்றின் மேற்பகுதி நோக்கிச் சென்று, இடத்துக்கு இடம் நீர் எடுத்து அளந்தாலன்றிக் கூற இயலாது.

இவற்றுக்கு முன் 2013-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், சுமத்ராவில் மூண்ட தீயின் புகையால் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 750-ஐ எட்டியது. மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாய நிலை என்பதை எண்ணினால் அன்றைய காற்றின் தன்மை விளங்கும்.

பட்டப்படிப்பில் கற்பவை

சுற்றுச்சூழல் அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பு பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் நீடிக்கும். முதலாண்டில் வேதியல், உயிரியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல் ஆகிய அடிப்படைப் பாடங்கள் வரும். அடுத்து நீர், காற்று, மண் ஆகியவற்றின் தன்மை, உயிரினச் சூழலியல், நச்சியல், கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் சட்டம், நில வரைபடத்தைக் கணினியில் ஆராயும் முறை ஆகியன இடம்பெறும். இறுதியில் தொழிற்பயிற்சியும் ஓர் ஆய்வேடும் உண்டு.

ஆற்று நீரின் தரத்தை நம் நாட்டில் ஆறு அளவுகளைக் கொண்டு கணிக்கிறார்கள். கரைந்துள்ள பிராணவாயு, உயிர்வேதியல் பிராணவாயுத் தேவை, இரசாயனப் பிராணவாயுத் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் மிதக்கும் திடப்பொருள், அமில காரத் தன்மை என்பனவே அவை. இந்த ஆறினையும் தம் கையாலேயே அளந்து, கிடைத்த எண்ணுக்குப் பொருள் கூறக் கற்பது மாணவரின் கடமையாகும். மழை வந்தாலும் வெயில் எரித்தாலும் ஆற்றங்கரைக்கும் சதுப்பு நிலத்துக்கும் சென்று வர வேண்டும். தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய ஜொகூரின் அலையாத்திக் காடுகள் மூன்றும் 2003-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக ஏற்கப்பட்டவை. இத்துறை மாணவருக்கு அவை திறந்தவெளி ஆய்வுக்கூடங்களாகும்.

ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். மரம் நடுவதிலும் குப்பை பொறுக்குவதிலும் ஆர்வம் இருந்தால் மட்டும் இப்படிப்பில் தேறிவிட முடியாது. வேதியலும் புள்ளியியலும் இதன் இரு தூண்கள். இவற்றைக் கண்டு அஞ்சும் மாணவர் முதலாண்டிலேயே இடர்ப்படுவார்.

சேர்வதற்குரிய வழி

பள்ளியில் நான்காம், ஐந்தாம் படிவங்களில் வேதியல், உயிரியல், கணிதம் ஆகிய பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் படித்தல் முதற்படியாகும். பதினைந்து வயதில் செய்யும் இத்தேர்வே பின்னாளில் கதவைத் திறக்கிறது அல்லது மூடிவிடுகிறது. ஆகவே பெற்றோர்கள் மூன்றாம் படிவத்திலேயே ஆசிரியரைக் கண்டு கலந்து பேசுதல் வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என மூன்று பாதைகள் உள்ளன. தேசிய மொழியில் நல்ல தேர்ச்சியும், மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் உரிய தரமும் தேவைப்படும்.

செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம், பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், சபா மலேசியப் பல்கலைக்கழகம் ஆகியன இத்துறையில் பட்டப்படிப்பு வழங்கும் அரசாங்கக் கல்விக்கூடங்களுள் சிலவாகும். இவற்றுள் புத்ரா பல்கலைக்கழகம் 1931-இல் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1997-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தோட்டத் தொழிலோடு அதற்குள்ள உறவு பழமையானது. கழிவைச் சுத்திகரிக்கும் கருவிகளை அமைப்பதில் நாட்டம் உள்ளவர்கள் பொறியியல் துறையை நாடலாம். ஜொகூரில் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்விக்குப் பெயர் பெற்றவை. ஆண்டுதோறும் வெளியாகும் விண்ணப்பக் கையேட்டைப் பார்த்து, அவ்வாண்டின் தகுதி விதிகளை உறுதி செய்துகொள்க.

பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டியதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மீதிக்கு 1997-இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்விக் கடன் நிதியை நாடலாம். ஆயினும் கடன் என்பது திருப்பிச் செலுத்த வேண்டியதே என்பதை மாணவரும் பெற்றோரும் முதல் நாளிலேயே உணர்ந்திருத்தல் நன்று.

படித்தால் என்ன வேலை?

பெற்றோர்கள் கேட்கும் இக்கேள்வி நியாயமானது. மருத்துவப் பட்டத்தைப் போலவோ ஆசிரியர் பட்டத்தைப் போலவோ இப்பட்டம் ஒரே ஒரு வேலையைச் சுட்டிக்காட்டுவதில்லை. சுற்றுச்சூழல் இலாகாவிலும், வடிகால் நீர்ப்பாசன இலாகாவிலும், ஊராட்சி மன்றங்களிலும் இத்துறையினருக்கு இடமுண்டு. ஆயினும் அரசாங்கப் பதவிகளுக்குப் போட்டி மிகுதி. தனியார் துறையில் ஆய்வுக்கூடங்களும் ஆலோசனை நிறுவனங்களும் உள்ளன. குறிப்பிட்ட பெருந்திட்டங்களைத் தொடங்குமுன் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு செய்தாக வேண்டும் என்னும் விதி 1988 முதல் நடப்பில் இருப்பதால், அம்மதிப்பீட்டைத் தயாரிப்போர் தேவைப்படுகிறார்கள்.

தோட்டத் துறையிலும் வாய்ப்பு விரிந்துள்ளது. மலேசிய நிலைபேறான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. கழிவுநீரை எவ்வாறு விடுகிறார்கள், நச்சு மருந்துகளை எங்கே வைக்கிறார்கள், தொழிலாளர் நலம் எவ்வாறு பேணப்படுகிறது என்பனவற்றைத் தோட்டங்கள் ஏட்டில் காட்ட வேண்டியுள்ளது. இதனைச் சரிபார்க்கும் பணிக்கு அறிவியலும் தெரிய வேண்டும்; தோட்டத்தின் நடைமுறையும் தெரிய வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே உடையவர்கள் சிலரே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பட்டதாரிக்கு இங்கே ஓர் இயல்பான தகுதி இருக்கிறது.

நம் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?

களைக்கொல்லியாகப் பல்லாண்டுகள் பயன்பட்ட பாராகுவாட் மருந்தை நம் தோட்டங்களில் தெளித்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் தொட்டியைச் சுமந்து, காலைப் பிரட்டு முடிந்ததும் வேலைக்காட்டுக்குச் சென்று மருந்தடித்த நம் தாய்மார்களின் விரல் நகங்கள் கெட்டன, மூக்கில் இரத்தம் கசிந்தது, தோல் வெந்தது. உடலினுள் சென்றால் அது நுரையீரலை அழிக்கும் நஞ்சு. அதனைப் படிப்படியாக நிறுத்துவதென 2002-இல் முடிவாயிற்று. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அது தடை செய்யப்பட்டது. முதல் முடிவுக்கும் இறுதித் தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

அந்த ஆண்டுகளில் தங்கள் உடலில் நேர்ந்ததை மருந்தடித்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அதை அளந்து, எழுதி, முடிவெடுப்போர் முன் வைக்கும் கல்வி அவர்களிடம் இல்லை. நம்மவர் குறை கூறும்போது, நாற்றம் அடிக்கிறது, கண் எரிகிறது என்பார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பொருள், எவ்வளவு என்று கூறினால் அதே குறை சான்றாகிவிடுகிறது. குறையைச் சான்றாக மாற்றும் ஆற்றலையே இப்படிப்பு தருகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளை விட்டு நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குச் சென்ற குடும்பங்கள் இன்று பல. அங்கும் ஆலைக்கு அருகிலும் ஆற்றோரத்திலும் நம்மவர் வாழ்கிறார்கள். இடம் மாறினாலும் தேவை மாறவில்லை.

இம்மாதம் செய்யத்தக்க சிறிய செயல் ஒன்றைக் கூறி முடிப்போம். மாணவர்கள் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஓடையை வாரம் ஒருமுறை, பெரியோர் துணையுடன், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பார்க்கட்டும். நீரின் நிறம், வாடை, நுரை, மீன் உண்டா இல்லையா, முதல் நாள் மழை பெய்ததா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதட்டும். நீரினுள் இறங்க வேண்டா. மூன்று மாதங்களுக்குப் பின் அக்குறிப்பேட்டைத் தம் அறிவியல் ஆசிரியரிடம் காட்டட்டும். அந்தப் பழக்கம் எந்த மாணவருக்குச் சலிக்காமல் இருக்கிறதோ, அவருக்கு இப்பட்டப்படிப்பு ஏற்றதென்று பெற்றோர்கள் துணிந்து நம்பலாம்.